மூன்று நட்டும் திறக்காத டிக்கியும்: நல்ல பொருள் எப்படித் தோற்கிறது?

டாட்டா நானோ காரின் சக்கரத்தைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மூன்று நட்டுதான் இருக்கும். வழக்கமாக இந்த அளவுக் கார்களில் நான்கு இருக்கும். முன்கண்ணாடியைத் துடைக்க ஒற்றை வைப்பர். பின்பக்கம் போனால் டிக்கிக் கதவு மாதிரியே ஒன்று தெரியும், ஆனால் அது திறக்காது. பை வைக்க வேண்டுமென்றால் பின்கதவு வழியாக உள்ளே தலையை நீட்டி, பின்சீட்டின் முதுகை மடக்கி, அதற்குப் பின்னால் தள்ள வேண்டும்.

மூன்றுமே காசை மிச்சப்படுத்தச் செய்தவை. என் கணக்கில் இவற்றில் இரண்டு சாமர்த்தியம், ஒன்று பிழை. எது ஏன் பிழை என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், கடைக்கு வந்து காணாமல் போகும் பொருள்களின் கதை பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்குத் தொழிற்சாலையை விட்டு மேலே, முடிவெடுக்கிறவர்களின் அறைக்குப் போக வேண்டும். நானோவில் இரண்டும் உண்டு என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். மழையில் ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இருவருக்கும் நடுவில் நசுங்கியபடி குழந்தை என்று போகும் குடும்பங்களைப் பார்த்து, அப்போது டாட்டா குழுமத் தலைவராக இருந்த ரத்தன் டாட்டாவுக்கு வந்த யோசனை இது. இவர்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி ஒரு கார். 2008 ஜனவரி 10 அன்று தில்லி ஆட்டோ எக்ஸ்போவில் அவரே அதை மேடைக்கு ஓட்டி வந்தார். 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அந்த ஏப்ரலில் நடந்த முன்பதிவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள். முதல் 1 லட்சம் பேரைக் குலுக்கல் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஆண்டு, 2010 நவம்பர் மாதம் முழுக்க விற்றது 509 கார்.

2 லட்சம் பேர் வரிசையில் நின்ற பொருள் ஒன்றரை வருடத்தில் 509-க்கு வந்து நின்றால் நடுவில் என்ன ஆனது என்று கேட்கத்தானே தோன்றும்?

பிழைகளில் இரண்டு வகை

ஒரு பொருள் தோற்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். புதிதாகப் பார்க்கிறவர்கள் இரண்டு பெட்டியில் போட்டுக்கொண்டால் போதும். பொருளை வடிவமைக்கும்போதும் செய்யும்போதும் நேர்வது உருவாக்கப் பிழை: கதவு திறக்கவில்லை, பேட்டரி சூடாகிறது, கைப்பிடி கழன்றுவிடுகிறது. யாருக்கு, எந்த விலைக்கு, எங்கே செய்து, எப்போது விற்பது, என்ன சொல்லி விற்பது என்ற முடிவுகளில் நேர்வது நிர்வாகப் பிழை.

வெளியிலிருந்து பார்த்தால் முதலாவதுதான் கண்ணில் படும். பழியும் பொறியாளர் தலையில் விழும். ஆனால் பல உருவாக்கப் பிழைகளின் வேரைத் தோண்டினால் அங்கே ஒரு நிர்வாக முடிவு உட்கார்ந்திருக்கும். திறக்காத டிக்கி அப்படித்தான் வந்தது.

பொதுவாக ஒரு பொருளுக்கு விலை வைப்பது எப்படி? செய்ய ஆன செலவு, அதன்மேல் லாபம், இரண்டையும் கூட்டினால் விலை. இட்லிக் கடைக்காரர்கூட அப்படித்தான் கணக்குப் போடுவார். இதைத் தலைகீழாகவும் செய்யலாம். விலையை முதலில் எழுதிவிடுவது. அதில் லாபத்தைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ, அதற்குள் பொருளைச் செய்து முடிக்க வேண்டும். இலக்குச் செலவு முறை என்று இதைச் சொல்லலாம். ஜப்பானியக் கார் கம்பெனிகள் பல காலமாகக் கையாளும் நல்ல முறைதான். ஒரே நிபந்தனை, முதலில் எழுதும் அந்த விலை சந்தையை அலசி வந்த எண்ணாக இருக்க வேண்டும்.

நானோவின் எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்ன கதை இது. 2003-இல் ஒரு பத்திரிகைக்காரர் கார் என்ன விலை இருக்கும் என்று கேட்டார். இவர் ஏறத்தாழ 1 லட்சம் என்றார். அது தலைப்புச் செய்தியானது. மறுத்து அறிக்கை விடலாமா என்று யோசித்தவர், சரி, அதையே இலக்காக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு இரும்பு விலை ஏறியது, மற்ற மூலப்பொருள்களின் விலையும் ஏறியது. எண் மட்டும் அசையவில்லை. 2008 மேடையில் அவர் சொன்னது, கொடுத்த வாக்கு வாக்குதான் என்பது.

கேட்க நெஞ்சை நிறைக்கும் வாக்கியம். அந்த வாக்கைக் காப்பாற்றும் வேலை பொறியாளர்களுடையது. கிரீஷ் வாக் தலைமையில் சுமார் 500 பேர் ஒவ்வொரு உதிரியையும் கையில் எடுத்து, இது எதற்கு, இதில்லாமல் ஓடாதா என்று கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். 624 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சினைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்ததால் 3.1 மீட்டர் நீளத்துக்குள் நான்கு பேர் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. மாருதி 800-ஐவிட வெளியே 8 சதவீதம் சின்னது, உள்ளே 21 சதவீதம் பெரியது என்று கம்பெனி சொன்னது. எடை சுமார் 600 கிலோதான். அவ்வளவு லேசான வண்டிக்கு மூன்று நட்டு போதும். ஒற்றை வைப்பரும் அந்தச் சிறிய கண்ணாடிக்குப் போதும். வாங்குகிறவருக்கு அதனால் ஒரு இழப்பும் இல்லை, பலர் கவனித்தே இருக்க மாட்டார்கள். அதனால்தான் அவற்றைச் சாமர்த்தியம் என்றேன்.

டிக்கி வேறு. அது வாரம் ஒருமுறை அரிசி மூட்டை வாங்கும்போது, ஊருக்குப் போகும்போது, பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்கும்போது என்று ஒவ்வொரு தடவையும் உரிமையாளருக்கு ஒன்றை ஞாபகப்படுத்தும்: நீ மலிவானதை வாங்கியவன். சிக்கனத்துக்கும் பிழைக்கும் நடுவே நான் போடும் கோடு இதுதான். குறைத்தது வாங்கியவர் கண்ணில் படுகிறதா? தினமும் படுகிறதா? நாலு பேர் முன்னால் படுகிறதா?

2009-இலேயே கிடைத்த பதில்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மஞ்சள் நானோ வைத்திருந்தார். ஒருமுறை பேருந்து நிலையம் வரை என்னை ஏற்றிக்கொண்டு போனார். நான் கொஞ்சம் உயரம். தலை இடிக்கும் என்று நினைத்து ஏறினால், மேலே ஒரு சாண் மிச்சம் இருந்தது. குறுகலான சந்தில் ஆட்டோ மாதிரி வளைத்துத் திருப்பினார்.

"வண்டி நல்லா இருக்கே சார்" என்றேன்.

"வண்டி தங்கம் தம்பி. ஏசி வச்ச மாடல், எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்துக்கு மேல ஆச்சு. ஆனா கல்யாண மண்டபத்துல நிறுத்தினா, 'இது அந்த ஒரு லட்ச ரூபா கார்தானே'ன்னு கேக்கறான். ஒவ்வொருத்தனுக்கும் நின்னு விலை சொல்லிட்டா இருக்க முடியும்?"

இந்தக் கேள்விதான் நானோவை முடித்தது என்று நினைக்கிறேன். ரத்தன் டாட்டாவே பிற்பாடு இதை ஒப்புக்கொண்டார். உலகத்திலேயே விலை குறைந்த கார் என்று பெயர் வாங்கிவிட்டது, அந்த முத்திரை பாதகமாகிப்போனது என்று அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

நம் ஊரில் ஒரு குடும்பம் முதல் காரை எதற்காக வாங்குகிறது? போக வர என்பது பாதிக் காரணம்தான். மீதி, 'கார் வாங்கிட்டாங்க' என்று மற்றவர்கள் சொல்வதற்காக. ஸ்கூட்டரிலிருந்து மேலே ஏறுகிறோம் என்ற நிம்மதிக்காக. அவரிடம் போய் இதுதான் இருப்பதிலேயே மலிவு என்று சொன்னால், ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று காதில் விழுமே தவிர, மேலே ஏறியதாக விழாது. மாருதி 800 வாங்கியவர் கார் வாங்கினார். நானோ வாங்கியவர் ஒரு லட்ச ரூபாய் கார் வாங்கினார். பழைய ஆல்டோ ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் எடுத்தவரைக்கூட யாரும் விலை கேட்பதில்லை.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தகவல் கம்பெனியின் கையிலேயே இருந்தது. 2009 முன்பதிவில் அடிப்படை மாடலைக் கேட்டவர்கள் சுமார் 20 சதவீதம்தான். சுமார் பாதிப் பேர் ஏசி, பவர் விண்டோ எல்லாம் உள்ள மேல்மட்ட மாடலுக்குப் பணம் கட்டினார்கள். 'எங்களுக்கு இருப்பதிலேயே மலிவு வேண்டாம், நல்லதில் சின்னது கொடு' என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்கள்? அந்தப் பதிலைக் கேட்டு, 1 லட்சம் என்ற பேச்சை அன்றே ஓரமாக வைத்துவிட்டு, டிக்கியைத் திறக்கிற மாதிரி செய்து அடுத்த ஆண்டே விட்டிருக்கலாம். டிக்கி திறந்தது 2015 மே மாதம். ஆறு வருடம். பவர் ஸ்டீயரிங் வந்ததே 2014-இல்தான்.

அந்த 1 லட்சமும் கையில் கொடுக்கும் விலை இல்லை. அது தொழிற்சாலை வாசல் விலை. தில்லி ஷோரூமில் அடிப்படை மாடல் சுமார் 1.23 லட்சம். அதன்மேல் பதிவு, வரி, காப்பீடு. ஆக, வாடிக்கையாளர் ஒரு லட்சத்தில் வாங்கவில்லை, ஆனால் ஒரு லட்ச ரூபாய் கார்க்காரர் என்ற பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார். கம்பெனிக்கும் லாபமில்லை, வாங்கியவருக்கும் பெருமையில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்கூட்டர் குடும்பங்களுக்காகச் செய்த கார் என்றால் அவர்களில் பலர் சிறு கடைக்காரர்கள், தினக் கணக்கில் சம்பாதிப்பவர்கள். கார் லோன் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு எங்கே, வருமான வரிக் கணக்கு எங்கே என்பார்கள். பைக் வாங்கக் கடைவாசலிலேயே தவணை போட்டுக் கொடுப்பார்கள், காருக்கு அப்படியில்லை. கார் ஷோரூமோ ஏசி போட்ட கண்ணாடி மாளிகை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதா என்று வாசலில் தயங்கும் ஆளுக்காகத்தான் அந்தக் கார் பிறந்தது. விற்கும் இடமும் கடன் கொடுக்கும் முறையும் அவருக்காக மாறவில்லை. பிறகு கடனை எளிதாக்கினார்கள், சிற்றூர்களுக்கும் போனார்கள். அதற்குள் முதல் ஆரவாரம் அடங்கிவிட்டது.

சிங்கூர்

ஆரவாரம் அடங்குவதற்குக் கால தாமதம் பெரிய காரணம். நானோ ஆலைக்காக மேற்கு வங்கத்தில் சிங்கூரில் 997 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்திக் கொடுத்தது. விளையும் நிலம். ஒரு பகுதி விவசாயிகள் இழப்பீட்டுக் காசோலையை வாங்க மறுத்தார்கள். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த மம்தா பானர்ஜி தலைமையில் போராட்டம் வெடித்தது. தொழிற்சாலை ஏறக்குறைய முடிந்த நிலையில், 2008 அக்டோபர் 3 அன்று டாட்டா அங்கிருந்து வெளியேறுவதாக அறிவித்தது. எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு குஜராத்தின் சானந்துக்குப் போய், அங்கே ஆலை திறந்தது 2010 ஜூனில். 2016-இல் அந்த சிங்கூர் நிலக் கையகப்படுத்தலே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2023-இல் ஒரு நடுவர் மன்றம் டாட்டாவுக்கு 765.78 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று பேச ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: நிலம் கொடுத்த அரசிடம் பேசியாயிற்று, நிலத்தில் நிற்கிற ஆளிடம் பேசவில்லை என்றால் அது தொழில் திட்டத்தில் ஓட்டை. அரசியல் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழையும்.

இடைப்பட்ட காலத்தில் உத்தராகண்டின் பந்த்நகரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கார் செய்தார்கள். 2009 ஏப்ரலில் பணம் கட்டியவர்கள் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் சில நானோக்கள் தீப்பிடித்த செய்திகள் வந்தன. 2010 மார்ச்சில் மும்பையில் ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு புது வண்டி எரிந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் மிகச் சிலதான். ஆனால் பெயரே 'மலிவு' என்று இருக்கும் பொருளில் தீப்பிடித்தால், 'அந்த விலைக்கு என்ன எதிர்பார்க்கிறே?' என்றுதான் சனம் பேசும். 2010 நவம்பரில் கம்பெனி இலவசமாகக் கூடுதல் பாதுகாப்புப் பாகங்கள் பொருத்தித் தருவதாகச் சொன்னது. இது திரும்பப் பெறுதல் இல்லை என்றும் கூடவே சொன்னது. 509 கார் விற்றது அதே நவம்பரில்தான்.

இதற்கு நேர் எதிரான தவறையும் பார்த்துவிடலாம். 2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 வந்தது. பேட்டரி எரிந்தது. செப்டம்பர் 2-இலேயே 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் காரணத்தை முழுதாகக் கண்டுபிடிக்கும் முன்பே, வேறொரு சப்ளையரின் பேட்டரி போட்ட மாற்றுப் போன்களை அனுப்பினார்கள். அதில் வேறு விதமான குறை இருந்தது, அதுவும் எரிந்தது. அக்டோபரில் மாடலையே நிறுத்திவிட்டார்கள். முதல் தீ உருவாக்கப் பிழை. இரண்டாவது தீ நிர்வாகத்தின் அவசரம். ஒரு கம்பெனி தயங்கியது, இன்னொன்று பறந்தது. பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரியாமல் எடுத்த முடிவுக்கு வேகம் மட்டும் கைகொடுக்கவில்லை.

எண்ணிக்கை விழுந்தால் செலவு ஏறும்

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு கணக்கு. இது புரிந்தால், தோற்கும் பொருளைக் காப்பாற்றுவது ஏன் கடினம் என்பதும் புரியும்.

சானந்த் ஆலை ஆண்டுக்கு 2.5 லட்சம் கார் செய்யக் கட்டப்பட்டது. ஓர் ஆலைக்கு, கார் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆகிற செலவு ஒன்று உண்டு: கட்டடம், இயந்திரம், வட்டி, நிரந்தரச் சம்பளம். பேச்சுக்கு அதை ஆண்டுக்கு 250 கோடி என்று வையுங்கள். 2.5 லட்சம் கார் செய்தால் ஒரு காரின் தலையில் விழுவது 10,000 ரூபாய். தாங்கலாம். நானோ அதிகபட்சமாக விற்றது 2011-12 நிதியாண்டில், 74,527. அப்போது ஒவ்வொரு காரும் சுமார் 33,500 ரூபாயைச் சுமக்க வேண்டும். 2014-15-இல் விற்பனை சுமார் 17,000-க்கு வந்துவிட்டது. இப்போது ஒரு காரின் பங்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதே கதை. 250 கோடி என்பது என் கற்பனை எண், ஆனால் வகுத்தல் கணக்கு உண்மை.

மெல்லிய லாபத்தை நம்பிச் செய்யும் பொருளுக்கு எண்ணிக்கைதான் மூச்சு. விலையை ஏற்றினால் 1 லட்சம் என்ற பெயர் போகும், ஏற்றாவிட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் நஷ்டம். செலவை மேலும் குறைக்கலாமென்றால் ஏற்கனவே டிக்கியே திறக்கவில்லை. முதலில் போட்ட அந்த ஒற்றை எண், பிற்பாடு திருத்திக்கொள்ள இருந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டது.

அப்போதே மூடியிருக்கலாமே? 2016 அக்டோபரில் டாட்டா குழுமத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி எழுதிய கடிதத்தில் நானோ பற்றி ஒரு பகுதி உண்டு. செலவு எப்போதும் 1 லட்சத்துக்கு மேலேதான் இருந்தது, நஷ்டம் ஒரு கட்டத்தில் 1,000 கோடியைத் தொட்டது, உணர்ச்சிக் காரணங்களால்தான் மூட முடியவில்லை என்று அவர் குற்றம் சாட்டினார். கடிதத்தின் குற்றச்சாட்டுகளை டாட்டா தரப்பு மறுத்தது. நீக்கப்பட்டவர் கோபத்தில் எழுதியது என்று தள்ளுபடி செய்து படித்தாலும், தலைவரின் கனவாகப் பிறந்த பொருளை மூடுவோம் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்ல யாருக்கு வாய் வரும் என்று யோசித்துப் பார்க்கலாம். சாதாரண மாடலாக இருந்திருந்தால் விற்பனைத் துறையின் ஓர் அறிக்கை போதுமானதாக இருந்திருக்கும்.

2015-இல் டிக்கி திறந்த நானோ 1.99 லட்சம் தில்லி விலையில் வந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் நல்ல வண்டி என்றே சொன்னார்கள். வாங்க ஆளில்லை. 2018 ஜூன் மாதம் சானந்தில் தயாரானது ஒரே ஒரு நானோ.

அதே ஆலையில் டாட்டா செய்யும் இன்னொரு சிறிய கார் டியாகோ. 2016-இல் 3.20 லட்சத்தில் அறிமுகமானது, நன்றாக விற்றது, இன்றும் விற்கிறது. அதன் டிக்கி முதல் நாளிலிருந்தே திறக்கும். மண்டபத்து வாசலில் அதை நிறுத்தினால் யாரும் விலை கேட்பதில்லை.